நிக்கச் சொன்னது நான்தான்

நல்லா சாஞ்சு உக்காருங்க தம்பி, இடம் இருக்கு. ஜன்னல் ஓரம் வேணும்னா நீங்களே வச்சுக்கிடுங்க. எனக்கு இந்த ரோட்டுல பாக்கிறதுக்கு ஒண்ணும் மிச்சம் இல்ல. நாலு வாரமா திங்கக்கிழமை ஆனா இதே பஸ்ஸுதான். தென்காசி கலெக்டர் ஆபீஸு, மனு குடுக்கிற நாளு. மேட்டுத்தெருவுக்குத் தண்ணிக் குழாய் போடணும். குடுப்பேன், சீல் வச்சுத் தருவாங்க, திரும்பி வருவேன்.

கண்டக்டரு என்னய என்னன்னு கூப்பிட்டான், கேட்டீயளா? "கவுன்சிலரே, சில்லறை இருக்கா"ன்னான். அதுல ஒரு சிரிப்பு இருந்துச்சு, கவனிச்சீயளா? ஊர்ல எல்லாவனும் அப்படித்தான் சிரிக்கான். சிவலார்பட்டி பேரூராட்சி அஞ்சாவது வார்டு, தவசிலிங்கம். ஜெயிச்சவன் நான் தம்பி. முறையா நின்னு, முறையா ஜெயிச்சேன். ஜெயிச்சவன் பாடு இப்படி இருக்கும்னு முன்னாலயே ஒருத்தன் சொல்லியிருந்தா சும்மா இருந்திருப்பேன். எனக்கு நடந்த அநியாயத்தக் கேளுங்க. இன்னும் முக்கா மணி நேரம் இருக்கு.

கட்சியில எனக்கு இருவத்திரெண்டு வருசம். பசை காய்ச்சுனதுல இருந்து மேடைக்குப் பந்தக்கால் நட்டது வரைக்கும் பாத்தாச்சு. இந்தத் தடவதான் சீட்டு கிடைச்சுது. எதிர்ல யாருன்னு கேளுங்க. ரைஸ்மில் கோமதிநாயகம். ரெண்டு தடவ தொடர்ந்து கவுன்சிலரா இருந்தவரு. மு. கோமதிநாயகம்னு போஸ்டர் ஒட்டுனா, அந்த எழுத்தே ஒரு முழ நீளம் இருக்கும். நேரா மோதுனா நமக்குக் கஷ்டம். அதனால ஒரு யோசனை பண்ணேன். கெட்ட யோசனைன்னு நினைக்காதீய, எல்லா ஊர்லயும் எல்லாரும் பண்ணுறதுதான். அதே பேருல இன்னொரு ஆளப் பிடிச்சு சுயேச்சையா நிறுத்தணும். மெசின்ல ரெண்டு கோமதிநாயகம் இருந்தா, கண்ணு சரியாத் தெரியாத சனம் நாப்பது அம்பது பேரு மாத்தி அமுக்கும். அது போதும் நமக்கு.

வார்டுல தேடுனா ஒரே ஒருத்தருதான் இருந்தாரு. சு. கோமதிநாயகம். ரீடிங் அண்ணாச்சின்னு சொன்னாத்தான் தெரியும். முப்பத்தோரு வருசம் வீடு வீடாப் போயி கரண்டு மீட்டரு குறிச்சவரு. ரிட்டயர் ஆகி எட்டு வருசம் இருக்கும். பொஞ்சாதி இல்ல, மக திருப்பூர்ல. வெயிலுக்கும் குடை, மழைக்கும் குடை, வெயிலும் மழையும் இல்லாட்டாலும் குடை. சட்டைப் பையில ஒரு டார்ச் லைட்டு, பட்டப்பகல்லயும். மீட்டரு எப்பவும் இருட்டு மூலையிலதான இருக்கும், அந்தப் பழக்கம். ஆளுங்க பேரு மறந்துரும் அவருக்கு, வீட்டு மீட்டரு சர்வீஸ் நம்பர் மறக்காது. ஒரு கல்யாண வீட்ல மாப்பிள்ளைக்குத் திருநீறு பூசிட்டு, "இது எரநூத்திப் பதினொண்ணு வீட்டு மூத்தவன்லா"ன்னாரு. அப்பேர்ப்பட்ட ஆளு.

நமக்கு இதவிட நல்ல ஆளு கிடைக்குமா? போயிக் கேட்டேன். ரெண்டு நாளு கழிச்சுச் சொல்லுதேன்னாரு. மூணாவது நாளு ஒரு தாள்ல எழுதிக் கொண்டாந்தாரு. கொடி கட்ட மாட்டேன். மைக்கு பிடிக்க மாட்டேன். யார்கிட்டயும் ஓட்டு கேக்க மாட்டேன். இந்த மூணுக்கும் சம்மதம்னா நிக்கேன்னாரு. எனக்குச் சிரிப்ப அடக்க முடியல தம்பி. ஓட்டே கேக்காத வேட்பாளரு! சாமி வந்து வாசல்ல நின்ன மாதிரி இருந்துச்சு. எங்க சித்தப்பா மகன் முன்மொழிஞ்சான், மனுத்தாக்கல் ஆச்சு.

சின்னம் குடுக்கிற அன்னைக்குத்தான் முதல் இடி. ரைஸ்மில்காரரு சின்னத்துக்குக் கிட்டத்தட்ட அதே மாதிரி ஒண்ணு சுயேச்சை பட்டியல்ல இருந்துச்சு, அதக் கேளுங்க அண்ணாச்சின்னு படிச்சுப் படிச்சுச் சொல்லியிருந்தேன். சரி சரின்னு தலைய ஆட்டுனாரு. உள்ள போயி மின்கம்பம் வாங்கிட்டு வந்துட்டாரு. ஏன் அண்ணாச்சின்னேன். "பட்டியல்ல கம்பத்தப் பாத்துட்டேன்வே. பாத்ததுக்கு அப்புறம் இன்னொண்ண எப்படிக் கேக்க?" அப்படின்னாரு.

போகட்டும், பேராச்சும் ஒண்ணா இருக்கேன்னு மனசத் தேத்திக்கிட்டு நான் என் வேலையப் பாத்தேன். ஆட்டோ, மைக்கு, மேளம், பொன்னாடை. நாலாவது நாளு மத்தியானம் சாப்பிட வீட்டுக்கு வாறேன், கதவு நிலையில ஒரு வெள்ளை அட்டை தொங்குது. பழைய காலத்துல கரண்டு ரீடிங் எழுதத் தொங்கும்லா, அதே அளவு, அதே மாதிரி கோடு. எடுத்துப் படிச்சேன். ஒண்ணு, தெருவிளக்கு ஆறு மாதமாக எரியவில்லை. ரெண்டு, பின்பக்கக் குழாயில் கலங்கலாக வருகிறது. மூணு, வீட்டுக்காரரிடம் சொன்னால் காதில் வாங்குவதில்லை. கீழ அவரு கையெழுத்து, தேதி.

என் வீடு தம்பி. கட்சி வேட்பாளர் வீடு. வடிவு, வடிவுன்னு கத்துனேன். என் வீட்டுக்காரி சண்முகவடிவு. அவ சாவகாசமா வந்து, ரீடிங் அண்ணாச்சி வந்திருந்தாரு, மோர் குடுத்தேன், குடிக்க மாட்டேன்னுட்டாரு, என்ன குறைன்னு கேட்டாரு, சொன்னேன், எழுதிட்டுப் போனாருன்னா. ஓட்டு கேட்டாரான்னேன். இல்லியே, அவரு ஓட்டே கேக்கலியேன்னா. அப்புறம் என்னதான் சொன்னாருன்னு கேட்டேன்.

"ரெண்டு மாசத்துக்கு ஒருக்கா பத்தாம் தேதி வருவேன், குறிச்சுட்டுப் போவேன்னாரு. ஜெயிச்சாலும் வருவேன், தோத்தாலும் வருவேன்னாரு. நீங்க ஜெயிச்சா வீட்டுக்கு வருவீயளா?"

நான் இந்த வீட்டுலதானட்டி இருக்கேன்னேன். அவ தட்டக் கொண்டாந்து வச்சா. அந்த மூணாவது குறை மட்டும் எனக்கு இப்ப வரைக்கும் விளங்கல. அவ சொன்ன எத நான் காதுல வாங்கல? அன்னைக்குக்கூட ஏதோ சொல்லிக்கிட்டே சோறு போட்டா. என்னன்னு இப்ப நினைப்பு இல்ல.

விசாரிச்சுப் பாத்தா வார்டு முழுக்க அட்டை. தனி ஆளா, குடையப் பிடிச்சுக்கிட்டு, ஒரு நாளைக்கு முப்பது வீடு. உள்ள உக்கார மாட்டாரு, ஒண்ணும் சாப்பிட மாட்டாரு. கேக்காரு, எழுதுதாரு, மாட்டுதாரு, போறாரு. எங்க ஆட்டோ போனா சனம் எட்டிக்கூடப் பாக்கல. அவரு வாறாருன்னா பொம்பளைங்க அடுப்ப அணைச்சுட்டு வந்து நிக்காங்க, சொல்ல மறந்த குறை ஏதாச்சும் இருக்கான்னு யோசிச்சு வச்சுக்கிட்டு. ரைஸ்மில்காரரு ஓட்டப் பிரிக்கணும்னு நான் ஒருத்தர நிறுத்துனா, அவரு என் தெருவுல வந்து என் ஓட்டப் பிரிக்காரு. இது எந்த ஊரு நியாயம்?

வாபஸ் தேதி அப்பவே முடிஞ்சு போச்சு. நேரா அவரு வீட்டுக்குப் போனேன். அட்டைக்குக் கோடு போட்டுக்கிட்டிருந்தாரு, ஸ்கேல் வச்சு. அண்ணாச்சி, நீங்க செஞ்சது போதும், உங்களுக்கு வயசாச்சு, வெயில்ல அலையாதீங்க, பேரு மெசின்ல இருந்தாப் போதும், வீட்ல இருங்கன்னு பதமாத்தான் சொன்னேன். அவரு ஸ்கேல எடுத்து வச்சுட்டு என்னய நிமிந்து பாத்தாரு.

"நீருதானவே என்னய நிக்கச் சொன்னீரு? நான் பாட்டுக்கு சும்மா இருந்தேன். நிக்க வச்சுட்டு இப்ப உக்காரச் சொன்னா எப்படி?"

கோவமாச் சொல்லல. நெசமாவே தெரியாமக் கேக்கிற மாதிரிதான் கேட்டாரு. எனக்கு அதுதான் இன்னும் எரிச்சல். கோவமாச் சொல்லியிருந்தா நாலு வார்த்த பேசிட்டு வந்திருப்பேன்.

மறுநாளு ரைஸ்மில்காரருகிட்ட இருந்து ஆளு வந்துச்சு. அவருக்கும் தூக்கம் போயிருச்சு போல. மில்லுக்குப் பின்னால ரெண்டு பேரும் தவிட்டு மூட்டை மேல உக்காந்து பேசுனோம். பத்து வருசமா மொகம் பாத்துப் பேசாதவங்க தம்பி நாங்க. நல்ல காப்பி குடுத்தாரு, அத மறைக்கக் கூடாது. ரெண்டு பேரும் சேந்து ஒரு முடிவுக்கு வந்தோம். இந்த ஆளு கரண்டு ஆபீஸ்காரன், இவன் கவுன்சிலர் ஆனா திருட்டுக் கரண்டுக்குக் கொக்கி போட்டவன், ஒயர் இழுத்தவன் எல்லாரையும் பிடிச்சுக் குடுத்துருவான்னு வார்டுல பேச்ச விடணும். மெதுவா, காதுக்குக் காது.

பேச்சு நல்லாத்தான் பரவுச்சு. ரெண்டு நாளு கழிச்சு ரேசன் கடையில காலையில மண்ணெண்ணெய் ஊத்துதாங்க, அம்பது அறுவது பேரு வரிசையில. நானும் அங்கன நின்னேன், ரைஸ்மில்காரரும் ஓட்டு கேக்க வந்திருந்தாரு. அந்த நேரம் பாத்து ரீடிங் அண்ணாச்சி குடையோட வாறாரு. மில்லு ஆளு ஒருத்தன் சத்தமாக் கேட்டான், நீங்க ஜெயிச்சா கொக்கி போட்டவன் பேரெல்லாம் எழுதிக் குடுத்துருவீயளாமேன்னு. அவரு குடைய மடக்குனாரு.

"இந்த வார்டுல மூணு பேரு கொக்கி போட்டாங்க. மூணு பேரு வீட்டு முன்னாலயும் போயி நின்னேன். ஒண்ணும் சொல்லல, நின்னேன், அவ்வளவுதான். அவங்களே கழட்டிட்டாங்க. முடிஞ்சு போனதுக்குப் பேரு எதுக்கு?"

சொல்லிட்டு என்னயப் பாத்தாரா, எனக்குப் பின்னால இருந்த எண்ணெய்ப் பீப்பாயப் பாத்தாரான்னு எனக்குத் தெரியாது. சனம் என்னயப் பாத்துச்சு. அது கட்சிக் கூட்டத்துக்குப் போட்ட சீரியல் பல்பு தம்பி, ரெண்டே ரெண்டு மணி நேரம், அதப் போயி கொக்கின்னு யாரும் சொல்ல முடியாது. ரைஸ்மில்காரரு தரையில எதையோ தேடிக்கிட்டிருந்தாரு. மூணாவது ஆளு யாருன்னு இன்னைக்கு வரைக்கும் தெரியாது. அந்த மனுசன் சொல்லவும் மாட்டாரு.

ஓட்டுப்பதிவு முடிஞ்சு எண்ணுற நாளு எனக்கு வயித்தால போகுது. வடிவு வெந்தயம் குடுத்து அனுப்புனா. எங்க வார்டு சின்ன வார்டு, ஒரே பூத்து, ஒரே மெசின், கால் மணி நேரத்துல முடிஞ்சுது. ரைஸ்மில்லு எரநூத்தி அம்பத்தொண்ணு. நான் எரநூத்தி அறுவத்தெட்டு. ரீடிங் அண்ணாச்சி எண்பத்தொம்போது, டெபாசிட் போச்சு. பதினேழு ஓட்டு வித்தியாசத்துல நான் ஜெயிச்சேன். அண்ணாச்சிக்கு விழுந்ததுல எத்தன ஓட்டு ரைஸ்மில்லுக்குப் போக வேண்டியது, எத்தன எனக்கு வர வேண்டியதுன்னு ஆளாளுக்கு ஒண்ணு சொன்னாங்க. அதெல்லாம் இல்ல, இது முழுக்க என் சொந்தச் செல்வாக்கு. அன்னைக்கு வடிவுகிட்டயும் சொன்னேன். நீ யாருக்குட்டி போட்டன்னும் கேட்டு வச்சேன். ஓட்டு ரகசியங்கன்னு சொல்லிட்டு அடுப்படிக்குப் போயிட்டா. விளையாட்டுக்குச் சொல்லுதா.

எண்ணுற இடத்துலயே ரீடிங் அண்ணாச்சி வந்து கையப் பிடிச்சுக் குலுக்குனாரு. தோத்த ஆளு மொகம் மாதிரியே இல்ல. எண்பத்தொம்போதுன்னு ரெண்டு தடவ சொல்லிப் பாத்துக்கிட்டாரு. தன் பொஞ்சாதி போன பெறகு இத்தன பேரு தன்னய நினைச்ச நாளு இதுதான்னாரு. எனக்கு ஒரு மாதிரி ஆயிப் போச்சு. மாலைய ஒண்ணக் கழட்டி அவருக்குப் போட்டேன். அங்கனதான் நான் பண்ண தப்பு. கொஞ்சம் எட்டவே நிறுத்தியிருக்கணும்.

அடுத்த பத்தாம் தேதி காலையில ஏழு மணிக்கு வாசல்ல குடை. முதல்ல எங்க வீட்டக் குறிச்சுட்டுப் போனாரு. வார்டு பூராவும் சுத்தி முடிச்ச பெறகு, இந்தாரும்னு ஒரு தாளு. எல்லாம் சர்வீஸ் நம்பரு. நூத்திநாப்பத்தேழு, சாக்கடை மூடி இல்ல. எரநூத்தி முப்பத்தெட்டு, முதியோர் பென்சன் வரல. எனக்கு நூத்திநாப்பத்தேழு யாரு வீடுன்னே தெரியாது. கேட்டா, போயிப் பாரும்னு சொல்லிட்டுக் கிளம்பிட்டாரு. நான் போகல. மறுநாளு காலையில வந்து வாசல்ல நின்னாரு. ஒண்ணும் பேசல. அதுக்கு அடுத்த நாளும் நின்னாரு. தெருவுல போறவன் எல்லாம் பாக்கான், அந்தக் கொக்கி விசயம் வேற எல்லாருக்கும் ஞாபகம். தொல்லை தாங்காமத்தான் போயி சாக்கடை மூடிக்கு ஏற்பாடு பண்ணேன். பென்சனுக்கு மூணு நடை தாலுகா ஆபீஸுக்கு நடந்தேன். அவரு வாய அடைக்கணும்னு, வேற ஒண்ணுமில்ல.

இப்படியே ஒன்றரை வருசம் தம்பி. ஒரு பத்தாம் தேதி தப்புனதில்ல. பேரூராட்சிக் கூட்டத்துல மத்த கவுன்சிலருங்க டீயும் வடையும் சாப்பிட்டுக் கையெழுத்துப் போட்டுட்டுப் போறான். நான் மட்டும் தாள விரிச்சு வச்சுக்கிட்டு ஒவ்வொண்ணாக் கேக்கேன், தலைவருக்கு என்னயக் கண்டாலே ஆகல. ஒம்போது தெருவிளக்கு மாத்தியாச்சு. எங்க வீட்டு முன்னால உள்ள லைட்டு கடைசியாத்தான் எரிஞ்சுது. கவுன்சிலர் வீட்டுக்கு முதல்ல போட்டா நல்லா இருக்காதுன்னு அண்ணாச்சி தாள்ல எழுதிட்டாரு. வடிவு எனக்கு மூணு நாளு சரியாச் சோறு போடல.

போன மாசத்துக்கு முந்தின மாசம் பத்தாம் தேதி. ஏழு மணி ஆச்சு, ஆளு வரல. அப்பாடான்னு இருந்துச்சு. நிம்மதியாக் காப்பி குடிச்சேன், பேப்பர் படிச்சேன். எட்டரைக்கு வாசல் வரைக்கும் போயிட்டு வந்தேன். ஒம்போது மணிக்கு இன்னொரு தடவ போனேன். யாரத் தேடுதீயன்னு வடிவு கேட்டா. யாரையும் தேடல, காத்தாட நிக்கேன்னேன். ஒம்போதரைக்குச் சட்டையப் போட்டுக்கிட்டுக் கிளம்பிட்டேன்.

மனுசன் கட்டில்ல கிடக்காரு. வலது காலு முழங்காலுக்குக் கீழ வீங்கி, தொட்டா சுடுது. என்னமோ கடிச்சிருக்கு, நாலு நாளு சொல்லாம நடந்திருக்காரு. ஆட்டோ பிடிச்சு ஆஸ்பத்திரிக்குக் கொண்டு போனேன், ஊசி போட்டாங்க, மாத்திரை குடுத்தாங்க, ஒரு மாசத்துக்கு நடக்கக் கூடாதுன்னுட்டாங்க. மகளுக்குப் போன் பண்ணேன். திரும்பக் கொண்டாந்து படுக்க வச்சா, அவரு காலப் பத்திப் பேசல.

"இன்னைக்குப் பத்துவே. நூத்தி அறுவது வீடு இருக்கு. பாத்துக்கிட்டிருப்பாங்க."

நான் என்ன அவரு வேலைக்காரனா? கேட்டுட்டேன், வாய்விட்டே கேட்டுட்டேன். அவரு கண்ண மூடிக்கிட்டாரு. மாத்திரை அசத்துது போல. மேசையில அட்டைக் கட்டு இருந்துச்சு. எடுத்துக்கிட்டு வெளிய வந்தேன். ஒரு நாளு செஞ்சா ஒண்ணும் தேஞ்சு போயிற மாட்டோம்னுதான்.

நூத்தி அறுவது வீடு நாலு நாளு ஆச்சு தம்பி. ஓட்டு கேக்கப் போனப்ப நான் ஆட்டோவ விட்டு இறங்கல, அத இப்பச் சொல்லுததுல தப்பில்ல. இறங்கிப் பாத்தாத்தான் ஒவ்வொரு வாசலும் ஒவ்வொரு மாதிரி. ஒரு வீட்ல நாயி வாசல் வரைக்கும் வந்து அட்டைய மோந்து பாத்துட்டு வாலை ஆட்டிட்டுப் போவுது, அண்ணாச்சி வாசனை அதுக்குத் தெரியுது. ஒரு வீட்ல அண்ணாச்சி எப்படி இருக்காருன்னு அழுதே போட்டாங்க. எல்லா இடத்துலயும் அவரப் பத்தித்தான் பேச்சு. எனக்குக் கொஞ்சம் கடுப்புதான், இல்லன்னு சொல்ல மாட்டேன்.

கடைசியா மேட்டுத்தெரு. மொத்தமே பதினோரு வீடு, ஏத்தத்துல இருக்கு. எலெக்சன் நேரத்துல ஆட்டோ ஏறாதுன்னு எங்க ஆளுங்களும் போகல, ரைஸ்மில்லு ஆளுங்களும் போகல. கடைசி வீட்டு வாசல்ல ஒரு பொம்பள பீடி சுத்திக்கிட்டிருந்தா, மடியில தட்டு. நாப்பது வயசு இருக்கும். அட்டையப் பாத்ததும் தலைய நிமித்திக் கேட்டா.

"கவுன்சிலர் ஐயா வரலியா?"

எனக்குப் புரியல. எந்தக் கவுன்சிலரும்மான்னேன்.

"குடை வச்சிருப்பாருல்லா, அவருதான். எங்க வீட்ல மூணு ஓட்டும் கம்பத்துக்குத்தான் போட்டோம். ஜெயிச்சுட்டு, சொன்ன சொல்லு மாறாம வந்துக்கிட்டிருந்தாரு. இந்தத் தடவ காணோமேன்னு நேத்துல இருந்து பாத்துக்கிட்டிருக்கேன். நீங்க யாரு?"

ஒன்றரை வருசமா அந்தத் தெரு முழுக்க அப்படித்தான் நினைச்சுக்கிட்டிருந்திருக்கு தம்பி. ஜெயிச்சது கம்பம்னு. வந்து சொல்லுததுக்கு யாரும் போகல, அண்ணாச்சிகிட்ட அவங்க கேட்டதும் இல்ல. ஏம்மா, கவுன்சிலர் நான்தாம்மா, தவசிலிங்கம், எரநூத்தி அறுவத்தெட்டு ஓட்டுன்னு சொல்லத்தான் வாயத் தொறந்தேன். அந்தப் பொம்பள மொகத்தப் பாத்தேன். பீடி சுத்துற கை அப்படியே நிக்கு. ஐயாவுக்கு ஏதும் ஆயிப் போச்சோன்னு பயந்து போயி உக்காந்திருக்கா.

அவருக்குக் காலு சரியில்லம்மான்னேன். பயப்பட ஒண்ணுமில்ல, ஒரு மாசத்துல நடந்துருவாரு. நான் அவரு ஆளுதான். நீங்க குறையச் சொல்லுங்க, எழுதிக்கிடுதேன்.

அவ தட்ட இறக்கி வச்சா. எழுதுனா வெளங்காது, வந்து பாருங்க, தண்ணிக்கு நாங்க எவ்வளவு தூரம் இறங்கணும்னு சொல்லிட்டு, குடத்த இடுப்புல தூக்கிக்கிட்டு முன்னால நடந்தா. நான் பேனாவ மூடிப் பையில வச்சுட்டு அவ பின்னாலயே போனேன்.